மாசசூசெட்ஸில் ஓர் இலையுதிர் வாரம்

பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ஃபிட்ச்பர்க் பக்கம் போகும் ரயில், நகரத்தின் செங்கல் கட்டடங்களைத் தாண்டியதும் மரங்களுக்குள் நுழைந்துவிடுகிறது. அக்டோபர் மூன்றாம் வாரம். சர்க்கரை மேப்பிள் மரங்கள் செம்மஞ்சளாகவும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும் நின்றன. ஓக் மட்டும் இன்னும் பாதிப் பச்சையில் இருந்தது. லிங்கன் நிலையத்துக்கும் கான்கார்டுக்கும் நடுவே வால்டன் குளம் மரங்களின் ஊடே தெரிந்து மறைந்தது. 1845-இல் எழுத்தாளர் தோரோ அதன் கரையில் வீடு கட்டிக் குடியேறியபோதே இந்தப் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்தவர்களில் பலர் நிறம் மாறிய இலைகளைப் பார்ப்பதற்கென்றே கிளம்பி வந்தவர்கள். அதே இலைகளை மூன்று வயதுப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்க நான் போய்க்கொண்டிருந்தேன்.

கான்கார்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் அக்கா மகள் குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் பையன் படிக்கும் மாண்டிசோரி பள்ளியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு இது நெடுநாள் ஆசை. "சித்தி, பிள்ளைங்க தானா வந்து பேசினா பேசுங்க. நீங்களா போய்ப் பேசக் கூடாது. அதுதான் அவங்க நிபந்தனை" என்றாள். அறையின் மூலையில் எனக்கென்று ஒரு குட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் பார்வை பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வந்துவிடும்.

பள்ளி ஒரு பழைய மர வீடு. ஒரே அறையில் மூன்று வயது முதல் ஆறு வயது வரை எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். ஒரு பிள்ளை இந்த அறையில் மூன்று ஆண்டு இருக்கும். அமெரிக்கக் கணக்கில் கிண்டர்கார்டன் எனப்படுவது அந்த மூன்றாம் ஆண்டு. அதற்காக அறை மாறுவதில்லை, ஆசிரியையும் மாறுவதில்லை. அறைக்கு மூத்தவர் என்ற பொறுப்புதான் புதிதாகச் சேர்கிறது. சின்னவர்கள் மதியம் வீட்டுக்குப் போன பிறகும் கிண்டர்கார்டன் பிள்ளைகள் பிற்பகல் வரை இருப்பார்கள்.

முதல் நாள் காலையில் வாசலில் ஆசிரியை குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் குலுக்கி, பெயர் சொல்லி வரவேற்றார். வெளியே ஏழு எட்டு டிகிரிக் குளிர். கோட்டு இல்லாமல் யாரும் வர முடியாது. ஆகவே இலையுதிர் காலத்தின் முதல் பாடமே கோட்டு போடுவதுதான். தரையில் கோட்டை விரித்து, அதன் கழுத்துப் பக்கம் நின்று, குனிந்து இரண்டு கைகளையும் சட்டைக்கைகளுக்குள் விட்டு, தலைக்கு மேலே ஒரு வீச்சு. கோட்டு தானாக முதுகில் வந்து உட்காரும். மூன்று வயதுக் குழந்தையாலும் யார் உதவியும் இல்லாமல் இப்படிப் போட்டுக்கொள்ள முடிகிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி அன்று மூன்று தடவை தலைகீழாகப் போட்டுக்கொண்டாள். யாரும் ஓடிப்போய்ப் போட்டுவிடவில்லை. நான்காம் தடவை சரியாக விழுந்தது.

திங்கட்கிழமை ஆப்பிளின் நாள். வார இறுதியில் பல குடும்பங்கள் தோட்டங்களுக்குப் போய் ஆப்பிள் பறித்து வந்திருந்தன. இந்த மாநிலத்துக்கும் ஆப்பிளுக்கும் பழைய உறவு உண்டு. ராக்ஸ்பரி ரஸ்ஸெட் என்ற வகை 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் தோன்றியது. பல மாநிலங்களில் ஆப்பிள் நாற்றங்கால் போட்டு ஜானி ஆப்பிள்சீட் என்று பெயர் வாங்கிய ஜான் சாப்மன் 1774-இல் பிறந்த லெமின்ஸ்டர், நான் வந்த ரயில் பாதையிலேயே இன்னும் சற்று மேற்கே இருக்கிறது.

தாழ்ந்த அலமாரியில் ஒரு தட்டு இருந்தது. அதில் இடமிருந்து வலமாக ஓர் ஆப்பிள், அதைத் துண்டு போடும் வட்டக் கத்தி, பலகை, இடுக்கி, கிண்ணம், துடைக்கும் துணி. நான்கு வயதுப் பையன் ஒருவன் கை கழுவி, மேலங்கி கட்டி, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி மேசைக்கு வந்தான். ஆப்பிளைக் கழுவினான். வட்டக் கத்தியை அதன் தலையில் வைத்து, எழுந்து நின்று, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினான். பழம் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்து, நடுத்தண்டு தனியே நின்றது. துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். என் முன்னாலும் நின்று, "உங்களுக்கு ஆப்பிள் வேண்டுமா?" என்று கேட்டான். எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனான். பிறகு பலகையைக் கழுவி, மேசையைத் துடைத்து, கூடையிலிருந்து புதிய ஆப்பிள் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, அலமாரியில் எடுத்த இடத்திலேயே சேர்த்தான். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இந்த அரை மணியில் அவன் கற்றவற்றை ஆசிரியை பிறகு எனக்கு விளக்கினார். வேலையைத் தொடங்கி முடிக்கும் வரிசை, கையின் வலிமை, கவனம், பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தான் உண்பது. பொருள்கள் இடமிருந்து வலமாக வைக்கப்பட்டிருப்பதால், நாளை எழுத்து படிக்கும்போது கண் போக வேண்டிய திசையும் இப்போதே பழகிவிடுகிறது. அறையில் எந்தச் சாதனமும் ஒன்றுக்கு மேல் இல்லை. ஆப்பிள் தட்டுக்காக ஒரு சிறுமி கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள். இன்னொரு தட்டு வாங்கி வைப்பது பள்ளிக்குப் பெரிய செலவில்லை. ஆனால் காத்திருப்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

வேறொரு மேசையில் ஆசிரியையே ஓர் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிக் காட்டினார். நடுவே விதையறைகள் ஐந்து, நட்சத்திரமாகத் தெரிந்தன. ஆப்பிள் பூவுக்கும் இதழ்கள் ஐந்து என்று ஒரு படத்தை எடுத்து அருகில் வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் வெளியே போனார்கள். ஆளுக்கொரு சிறு கூடை. திரும்பி வந்ததும் இலைகளைப் பாயில் பரப்பினார்கள். இந்தப் பள்ளிகளில் இலை அலமாரி என்று ஒன்று உண்டு. அதன் இழுப்பறைகளில் மரத்தால் செய்த இலை வடிவங்கள், ஒவ்வொன்றும் தனக்கான பள்ளத்தில் பொருந்தி இருக்கும். முட்டை வடிவம், இதய வடிவம், ஈட்டி வடிவம், ஊசி வடிவம் என்று பிள்ளை ஒரு மெல்லிய குச்சியால் ஓரத்தைத் தடவித் தடவிப் பழகுகிறது. பெயர் சொல்லித் தருவதற்கு மூன்று படிகள். முதலில் "இது இதய வடிவம்" என்று சொல்வது, அடுத்து "இதய வடிவம் எது, காட்டு" என்று கேட்பது, கடைசியாகத்தான் "இது என்ன?" என்ற கேள்வி. எத்துவார் செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக வகுத்த முறை இது. இந்தப் பள்ளி முறையைத் தொடங்கிய மாண்டிசோரி அம்மையார் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். இரண்டாம் படியில் பிள்ளை தவறிவிட்டால் திருத்தம் இல்லை, கண்டிப்பு இல்லை. இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குவார்கள்.

பொறுக்கி வந்த ஓக் இலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. மடல்களின் நுனி உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக், கூராக முள் வைத்திருந்தால் சிவப்பு ஓக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுப் பையனுக்கு அவளே விரலைப் பிடித்துத் தடவச் செய்து சொல்லிக் கொடுத்தாள். ஆசிரியை எட்ட இருந்து பார்த்துக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். வயது கலந்த அறையின் பலன் இதுதான். சொல்லிக் கொடுக்கும்போது பெரியவளுக்குத் தன் அறிவு உறுதிப்படுகிறது. சிறியவனுக்கோ தான் நாளை எப்படி ஆகப்போகிறான் என்பது கண்முன் தெரிகிறது.

பிற்பகலில் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை. பச்சை இலைகளைக் கிள்ளிக் கண்ணாடிக் குவளையில் போட்டு நசுக்கி, ஆல்கஹால் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தார் ஆசிரியை. காபி வடிகட்டும் தாளை நீளமாகக் கத்தரித்து நுனியை அதில் நனைய விட்டார். சற்று நேரத்தில் தாளில் பச்சை ஏறியது. அதிலிருந்து விலகி ஒரு மஞ்சள் கோடும் ஏறியது. கோடை முழுக்க இலைக்குள் மஞ்சள் இருந்துகொண்டேதான் இருக்கிறது. பச்சையம் அதை மூடியிருக்கிறது. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் பச்சையம் செய்வதைக் குறைத்துக்கொள்ள, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிளின் சிவப்பு வேறு வகை. அது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாகிறது. வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்த ஆண்டில் அந்தச் சிவப்பு ஆழமாக இருக்கும். ரயிலில் நான் பார்த்த நிறங்களின் காரணத்தை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை பரங்கிக்காய். கடையில் வாங்கியதல்ல, பள்ளித் தோட்டத்திலேயே விளைந்தது. மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒரே மேட்டில் நடும் பழக்கம் இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. மூன்று சகோதரிகள் என்று அதற்குப் பெயர். சோளத்தண்டில் பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். பரங்கியின் அகன்ற இலை நிலத்தை மூடி, ஈரத்தைக் காத்து, களையை அடக்கும். வசந்தத்தில் விதை ஊன்றிய பிள்ளைகளே இப்போது காயைச் சுமந்து வந்தார்கள்.

சின்னவர்கள் அதை முதலில் பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவினார்கள். பலமுறை கழுவினார்கள், காய் எப்போதோ சுத்தமாகிவிட்டது. வேலையை முடிப்பதில் பெரியவர்களுக்கு இருக்கும் அவசரம் அந்த வயதுக்கு இல்லை. கை அந்த அசைவில் நிறைவு காணும் வரை குழந்தை திரும்பத் திரும்பச் செய்யும். மாண்டிசோரி தன் முதல் பள்ளியில் கண்டு வியந்ததும் அதைத்தான். தண்ணீர் தரையில் சிந்தியது. சிந்தியவனே போய்த் தன் உயரத்துக்கு வைத்திருந்த துடைப்பானை எடுத்து வந்தான்.

பிறகு ஆசிரியை மேல்பகுதியை வெட்டிக் கொடுக்க, பிள்ளைகள் கையை விட்டு விதைகளை வழித்தெடுத்தார்கள். வழவழப்பைக் கண்டு இருவர் கையை இழுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கரண்டி கிடைத்தது. விதைகளைக் கழுவி உலர வைத்தார்கள். காயின் ஓட்டை ஒரு கண்ணாடித் தொட்டியில் மண்ணோடு போட்டு மூடி, சன்னலோரம் வைத்தார்கள். இனிப் பூஞ்சை பிடிப்பதையும் உள்வாங்கிக் குழைவதையும் வாராவாரம் பார்த்து வரைவார்கள்.

வியாழக்கிழமை அந்த விதைகள் கணக்காக மாறின. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் பாயை விரித்துப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். பத்துப் பத்துகள் சேர்ந்ததும் நூறு. பக்கத்தில் பொன்மணிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் சேர்ந்த கனசதுரம் ஆயிரம். நான்கு நூறு, ஆறு பத்து, மூன்று ஒன்று. எண் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் 463 என்று நின்றது. நூற்றுக்கும் பத்துக்கும் உள்ள தூரம் அவர்கள் கையில் எடையாக இருந்தது. நம் வகுப்புகளில் இடமதிப்பைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எத்தனை நாள் விளக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மொழியும் அதே பரங்கிக்காயைச் சுற்றியே நடந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை மூன்று வயதுக் குழந்தைகள் விரலால் தடவி ஒலியைச் சொன்னார்கள். நான்கு வயதுக்காரர்கள் மர எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் வரிசையாக வைத்து விதை, கொடி, காம்பு ஆகியவற்றுக்குச் சொல் கூட்டினார்கள். பென்சில் பிடிக்கும் வலிமை கைக்கு வருவதற்கு முன்பே மனத்தில் சொல் எழுந்துவிடுகிறது. அதைக் காக்க வைக்காமல் எழுத விடுவதற்குத்தான் இந்த நகரும் எழுத்துகள்.

அன்று மாலை கான்கார்டின் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எழுத்தாளர்களான தோரோ, எமர்சன் ஆகியோரின் கல்லறைகளைப் பார்க்க வருபவர்கள் அதிகம். நான் தேடிப் போனது எலிசபெத் பீபாடியின் கல்லறையை. அமெரிக்காவில் முதல் கிண்டர்கார்டனை 1856-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மார்கரெத்த ஷுர்ஸ் நடத்தினார். அது ஜெர்மன் மொழியில் நடந்தது. ஆங்கிலத்தில் முதலாவதை 1860-இல் பாஸ்டனில் தொடங்கியவர் பீபாடி. ஜெர்மானியக் கல்வியாளரான ஃப்ரோபெலின் வழி அவருடையது: பாட்டு, கூட்டு விளையாட்டு, மரக்கட்டைகளும் பந்துகளும். மாண்டிசோரியின் வழி வேறு. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோவில், தொழிலாளர் குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குப் போனதும் கவனிப்பாரற்று இருந்த பிள்ளைகளுக்காக அவர் திறந்த அறையில், விளையாட்டுப் பொருளைவிட உண்மையான வேலையைத்தான் பிள்ளைகள் நாடினார்கள். 1911-இல் நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுனில் அவர் முறையில் முதல் அமெரிக்கப் பள்ளி வந்தது. 1913-இல் கார்னகி அரங்கம் அவர் பேச்சைக் கேட்க நிரம்பி வழிந்தது. மறு ஆண்டே வில்லியம் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் இந்த முறையைக் கடுமையாக மறுத்து ஒரு நூல் எழுதினார், ஆர்வம் வடிந்தது. 1958-இல் கனெக்டிகட்டில் நான்சி ராம்புஷ் விட்பி பள்ளியைத் தொடங்கிய பிறகே மறுபடி துளிர்த்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இன்று இந்த நாட்டில் பெரும்பாலும் கட்டணம் கட்ட வசதியுள்ளவர்களிடம் இருக்கிறது என்பது எனக்கு வருத்தமே.

வெள்ளிக்கிழமை சூப். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு காய் கொண்டுவந்தது. கேரட் சீவினார்கள், செலரி நறுக்கினார்கள், பரங்கித் துண்டுகளைப் பானையில் சேர்த்தார்கள். கத்தி உண்மையான கத்தி; கைக்கு ஏற்ற சிறிய அளவு, அவ்வளவுதான். நடுவே ஒரு பிறந்தநாள். தரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அது சூரியன். ஐந்து வயது நிறைந்த பெண் சிறு உலக உருண்டையைக் கையில் ஏந்தி அதைச் சுற்றி ஐந்து முறை நடந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வயதில் அவள் என்ன செய்தாள் என்று ஆசிரியை ஒரு வரி சொன்னார். பிறகு எல்லாரும் கோட்டு போட்டுக்கொண்டு போய், தங்கள் உயரத்துக்குச் செய்த வாரிகளால் முற்றத்து இலைகளை வாரிக் குவித்தார்கள். திங்களன்று மூன்று முறை தவறிய சிறுமிக்கு அன்று ஒரே வீச்சு போதுமானதாக இருந்தது. திரும்பி வந்து, தாங்களே மேசை விரித்து, கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, சூப்பைக் குடித்தார்கள்.

வாரம் முழுவதும் அந்த ஆசிரியை குரல் உயர்த்தவில்லை, அதிகம் பேசவும் இல்லை. ஆனால் மாலையில் பிள்ளைகள் போன பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டையும் சரி பார்த்தார். இடுக்கி இறுகுகிறதா, துணி உலர்ந்ததா, எந்தப் பிள்ளை எதற்குத் தயாராகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினார். பிள்ளைகளின் சுதந்திரம் இந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறது.

இதையெல்லாம் பார்க்க நான் இத்தனை தூரம் வந்திருக்க, மாண்டிசோரி அம்மையாரே நம் ஊருக்கு வந்து வாழ்ந்தவர் என்பதும் நினைவில் இருந்தது. 1939-இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. பிறகு கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில், தம் மகன் மரியோவோடும் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவோடும், பல வயதுப் பிள்ளைகளை வைத்து மலையின் செடிகளையும் உயிர்களையும் பாடமாக்கினார். அங்கே மேப்பிளும் இல்லை, ஓக் இலையுதிர்வும் இல்லை. வாசலுக்கு வெளியே இருந்ததை உள்ளே கொண்டுவந்தார்.

இன்று நம் மழலையர் பள்ளிகள் சிலவற்றின் சுவரில் ஆரஞ்சு நிற மேப்பிள் இலைப் படங்கள் தொங்குகின்றன, வெளியே ஐப்பசி அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே. கோட்டுக்குப் பதில் நனைந்த குடையை உதறி விரித்து உலர்த்தப் பழக்கலாம். ஆப்பிளுக்குப் பதில் சீத்தாப்பழம். சுளையைச் சுவைத்து, விதையைக் கழுவிப் பத்துப் பத்தாக அடுக்கலாம். முற்றத்தில் குவளை வைத்துப் பெய்த மழையை அளக்கலாம். மரவட்டையும் நத்தையும் தாமாகவே வாசலுக்கு வரும். இவற்றுக்கு இறக்குமதிச் சாதனம் எதுவும் வேண்டாம். பொறுமையும் நேரமும் கவனித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும்.

மாண்டிசோரி என்ற பெயருக்குச் சட்டக் காவல் இல்லை. யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலகையைப் பார்த்து நம்பாமல், ஒரு காலை நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். அங்கே பிள்ளைகளின் கையில் உண்மையான பொருள் இருக்கிறதா, தொடங்கியதை முடிக்கும் வரை அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறார்களா, சிந்தியதைத் துடைக்கும் துணி அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல பள்ளி, பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும்.